கொடி ஊசலும் இரும்பு ஊஞ்சலும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் விளையாட்டிடங்களின் வரலாறு

முன்னுரை

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற கடல்கடந்த இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. இன்றைய நிக்கோபார்த் தீவுகளே அப்பெயரால் சுட்டப்பட்டன என்பது அறிஞர் முடிபு. பதினோராம் நூற்றாண்டின் அச்சான்று அத்தீவைப் பொழில் வளம் உடையதாகப் போற்றுகிறது. ஆயின், கடந்த இரு நூற்றாண்டுகளில் தமிழ் மக்களின் மனத்தில் அந்தமான் என்னும் பெயர் சிறையோடும் நாடுகடத்தலோடும் இணைந்தே நிலைபெற்றது. அத்தீவுகளின் வரலாற்றை எழுதியோரும் சிறை, போர், குடியேற்றம், பழங்குடியியல் ஆகியவற்றையே பெரிதும் பேசினர். அங்குக் குழந்தைகள் எங்கு விளையாடினர், எதைக் கொண்டு விளையாடினர், யாருடைய குழந்தைகளுக்கு விளையாட இடம் கிடைத்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன.

விளையாட்டிடம் சிறு பொருளன்று. ஓரிடத்தில் குழந்தைகளுக்கென ஓர் ஊஞ்சல் நாட்டப்படுமாயின், அங்குக் குடும்பங்கள் நிலைத்து வாழ்கின்றன என்பதும், அக்குழந்தைகளைத் தம்மவராக அவ்விடத்தின் ஆட்சி ஏற்றுள்ளது என்பதும் புலனாகும். இவ்வடிப்படையில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் விளையாட்டிடங்கள், தோட்டங்கள், பூங்காக்கள் ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தீவுகள் சிறையிலிருந்து குடும்ப வாழ்விடமாக மாறியதைப் பூங்காக்கள் காட்டுகின்றன. அதே வேளையில், அம்மாற்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒப்ப வாய்க்கவில்லை என்பதையும் அவையே காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழ் மரபில் விளையாட்டிடம்

ஒப்புநோக்கிற்காகத் தமிழ் மரபைச் சுருக்கமாகக் காண்பது தகும். சங்கப் பாடல்களில் விளையாட்டுக் கருவி அவ்விடத்து நிலமே தருவதாக அமைகிறது. நற்றிணையின் 90ஆம் பாடல் பனைநாரால் ஆகிய கயிற்று ஊசலைக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்துதந்த சிறுதேரைச் சிறுவர் உருட்டுகின்றனர். பட்டினப்பாலையில் செல்வர் மனைப் புதல்வர் மூன்று உருளையுடைய சிறுதேரை உருட்டுகின்றனர். நெய்தல் நில மகளிர்க்கு மணலே விளையாட்டுப் பொருளாகிறது. சிற்றில் இழைத்தலும் வண்டற்பாவை செய்தலும் கடற்கரை மணலில் நிகழ்கின்றன.

அம்மணல் விளையாட்டில் கடலும் பங்கு கொள்கிறது. ஐங்குறுநூற்றின் 124ஆம் பாடலில், தன் வண்டற்பாவையை அலை கவர்ந்துகொண்டமையால் சினந்து, மணலை அள்ளிக் கடலையே தூர்க்க முயலும் ஒரு பெண் காட்டப்படுகிறாள். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் இலக்கியம் இவ்விளையாட்டுகளைப் பருவங்களாகவே வகுத்துக்கொண்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் அமைகின்றன. சுருங்கக் கூறின், தமிழ் மரபில் விளையாட்டு நிலத்தோடும் பருவத்தோடும் பிணைந்தது. அதற்கென வேலியிட்ட தனியிடம் வகுக்கப்படவில்லை.

வேலியிட்ட தனியிடம் என்பது பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைநாட்டு நகரங்களின் ஆக்கமாகும். செருமனியில் பிரடெரிக் புரோபல் 1840இல் தம் கல்விக்கூடத்திற்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1885இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிறுவர்க்கென மணற்குவியல்கள் அமைக்கப்பட்டன. 1920களில் சிகாகோவை அடுத்த வின்னெட்காவில் செபாஸ்டியன் இன்டன் இரும்புக் குழாய்களால் ஆகிய ஏறுசட்டத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஊஞ்சல், சறுக்குமரம், ஏறுசட்டம், இராட்டினம் என இன்று பூங்காதோறும் காணப்படும் கருவித்தொகுதி இவ்வழியே உருப்பெற்றது. அத்தொகுதி அந்தமானை அடைவதற்கு முன்னரே அங்கு ஊசல் இருந்தது.

தீவின் மூத்த விளையாட்டுகள்

அந்தமான் பழங்குடியினரிடையே அலுவலராகப் பணியாற்றிய எட்வர்டு ஓரசு மேன் 1880களின் தொடக்கத்தில் வெளியிட்ட இனவரைவியல் ஆய்வில், அம்மக்களின் விளையாட்டுகளுக்கும் இடம் தந்துள்ளார். பன்றி வேட்டையைப் போலச் செய்து விளையாடுதல், ஆமை பிடித்தலைப் போலச் செய்து விளையாடுதல், ஒளிந்து விளையாடுதல், ஒருவரையொருவர் தாண்டிக் குதித்தல், காட்டுக்கொடிகளைக் கொண்டு ஊசலாடுதல் முதலியன அவர்களிடையே வழங்கின. சிறுவர்க்கெனச் சிறிய வில்லும் அம்பும் செய்துதரப்பட்டன.

இவ்விளையாட்டுகள் பிற்கால வாழ்வுக்கான பயிற்சியாகவும் அமைந்தமை கருதத்தக்கது. கொடி ஊசலாடுவதற்குக் காடு வேண்டும். ஆமை விளையாட்டிற்கு அலையாழம் குறைந்த கரை வேண்டும். ஆகவே, காடும் கரையும் அவர்தம் வாழ்வாதாரமாக இருந்ததோடு அவர்தம் குழந்தைகளின் விளையாட்டிடமாகவும் இருந்தன. காடு வெட்டப்பட்டபோது இவ்விரண்டும் ஒருங்கே குறைந்தன.

குடியேற்ற ஆட்சி அக்குழந்தைகளை வேறொரு வகையில் அணுகியது. அந்தமானியக் குழந்தைகளுக்கென ரோஸ் தீவில் ஓர் அனாதை இல்லம் நடத்தப்பட்டது. காட்டிலிருந்து பிரித்து அவர்களைக் கல்வியும் ஒழுங்கும் உடையவராக்குவது அதன் நோக்கமாக இருந்தது. குடியேற்றத்தோடு வந்த நோய்கள் அந்நோக்கத்தையும் கடந்த அழிவை விளைத்தன. 1877இல் பரவிய தட்டம்மை பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த பேரந்தமானியர் தொகை 2011இல் 44 ஆக இருந்தது. ஒரு மக்களினம் இவ்வாறு சுருங்குங்கால், அதன் மொழியும் சடங்கும் மட்டுமன்றி, ஒரு விளையாட்டை ஆடுவதற்குத் தேவையான குழந்தைகளின் எண்ணிக்கையே இல்லாமற்போகிறது என்பதை எண்ணுதல் வேண்டும்.

தண்டனைக் குடியிருப்பும் அலுவலர் தோட்டமும்

1858 மார்ச்சு மாதத்தில் மருத்துவர் ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேரை அடைந்தார். தண்டனைக் குடியிருப்பின் தலைமையிடம் ரோஸ் தீவில் அமைந்தது. ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய அச்சிறு தீவில் ஆணையர் இல்லம், தேவாலயம், அலுவலர் மன்றங்கள், நீச்சற்குளம், டென்னிசு ஆடுகளம் ஆகியன எழுந்தன. காட்டை வெட்டியதும் நிலத்தைச் சமன்செய்ததும் கைதிகளின் உழைப்பேயாகும். அலுவலர் இல்லங்களில் பணிபுரிந்தோரும் பெரும்பாலும் அவர்களே.

தீவின் முதல் வகுக்கப்பட்ட பொழுதுபோக்கிடங்கள் இவையே. இவற்றை அமைத்தவர்க்கு இவற்றை நுகரும் உரிமை இல்லை. அலுவலரிடையிலும் படிநிலை நிலவியது. கீழ்நிலை அலுவலர்க்கெனத் தனி மன்றம் இருந்தது. இதனை அக்காலச் சென்னையோடு ஒப்பிடுதல் பயன்தரும். ஆளுநர் சார்லசு டிரெவெல்யன் காலத்தில், 1859ஐ ஒட்டிச் சென்னையில் மக்கள் பூங்கா திட்டமிடப்பட்டது. பொதுமக்கள் அனைவர்க்கும் உரிய பூங்கா என்னும் கருத்து சென்னையில் வடிவம் பெற்ற அதே காலத்தில், அந்தமானில் பொதுமக்கள் என்னும் வகைமையே இருக்கவில்லை. காவலரும் கைதிகளும் இருந்தனர். இவ்விரு பிரிவினர்க்கும் வெளியே நின்ற பழங்குடியினர் இருந்தனர்.

இதனைக் கணக்கெடுப்பு எண்கள் தெளிவாக்குகின்றன. 1901இல் இத்தீவுகளில் ஆயிரம் ஆண்களுக்கு 318 பெண்களே இருந்தனர். குடும்பம் அருகிய ஊரில் குழந்தைகள் விளையாட்டிடமும் அருகுதல் இயல்பே. எனினும் தன்னுழைப்பில் வாழும் உரிமை பெற்ற கைதிகள், பெண் கைதிகளை மணந்து குடும்பம் அமைக்க ஆட்சி இசைவளித்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் உள்ளூரில் பிறந்தோர் எனத் தனிப் பிரிவினராக அறியப்பட்டனர். வெவ்வேறு சாதி, சமயம், மொழி உடைய பெற்றோர்க்குப் பிறந்த அக்குழந்தைகளே தீவின் புதிய சமூகத்தின் முதல் தலைமுறையாவர். தோட்டம் சூழ்ந்த ரோஸ் தீவு அலுவலர் குழந்தைகளுக்கு உரியதாக, இவர்களுக்கு வயலும் ஊர்த்தெருவுமே விளையாட்டிடங்களாயின.

குடும்பங்களின் வருகை

1919-20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, அந்தமானைத் தண்டனை இடமாகக் கொள்ளும் கொள்கை தளர்ந்தது. 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமாரின் குடும்பங்களும் வந்துசேர்ந்தன. 1925இல் பருமாவிலிருந்து கரேன் மக்களும், 1926இல் ஐக்கிய மாகாணத்திலிருந்து பாந்து பிரிவினரும் குடியேறினர். விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏதிலியர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கையை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்து பணிக்கெனவும் வணிகத்திற்கெனவும் வந்தோர் தலைநகரில் பெருகினர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 876 ஆயினர். 318 என்னும் எண்ணிலிருந்து 876 என்னும் எண்ணுக்கு வந்த இம்மாற்றமே சிறைத்தீவு குடும்பத்தீவாகிய வரலாறு எனலாம். பூங்காக்களின் தேவை இம்மாற்றத்திலிருந்தே பிறந்தது.

திடலும் போரும்

போர்ட் பிளேரின் சிம்கானா திடல் அலுவலர் விளையாட்டிற்கென அமைந்த வெளியாகும். 1942 மார்ச்சில் சப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. 1943 திசம்பர் 30ஆம் நாள் நேதாசி சுபாசு சந்திர போசு இத்திடலில் இந்தியக் கொடியை ஏற்றினார். ஆள்வோரின் ஆட்டத்திற்கென வகுக்கப்பட்ட வெளி, விடுதலை அரசியலின் மேடையாகியது. பின்னாளில் அத்திடல் நேதாசி பெயரால் விளையாட்டரங்கமாகியது. ஒரே நிலம் பெயர் மாறியபோதிலும் விளையாட்டிடமாகவே தொடர்ந்தமை இங்குக் குறிக்கத்தக்கது.

போரின் தடத்தை மற்றொரு பூங்கா இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. தலைநகரிலுள்ள காந்தி பூங்கா, தில்தாமன் குளம் என்னும் நீர்நிலையைச் சூழ்ந்து அமைந்தது. அக்குளம் ஒருகாலத்தில் நகர்க்கும் சுற்றுப்புறத்திற்கும் குடிநீர் தந்தது. பூங்கா பதின்மூன்றே நாளில் உருவாக்கப்பட்டதாக அரசின் சுற்றுலாக் குறிப்புகள் பெருமிதத்துடன் கூறுகின்றன. அவற்றின்படி, சிறுவர்க்கான விளையாட்டுக் கருவிகள், மான் காப்பிடம், ஏரியைச் சுற்றிய நடைவழி ஆகியவற்றோடு சப்பானியர் கோயிலின் எச்சமும் பதுங்குகுழியும் அங்குள்ளன.

குடிநீர்க்குளம், படையெடுத்தோரின் கோயில், பதுங்குகுழி, சிறுவர் ஊஞ்சல் என நான்கு காலங்கள் ஒரே வேலிக்குள் அமைந்த இடம் அதுவாகும். சப்பானிய ஆட்சியின் கொடுமைகளில் தீவு மக்கள் பலர் மாண்டனர். 1944 சனவரி 30ஆம் நாள் ஓம்பிரேகஞ்சில் நாற்பத்து நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அத்தலைமுறையின் பெயரர் பதுங்குகுழியின் அருகில் ஊஞ்சலாடுவதை மறதியின் அடையாளமாகக் கொள்வதா, மீட்சியின் அடையாளமாகக் கொள்வதா என்னும் வினா எழுகிறது. இரண்டும் உண்மையென்றே தோன்றுகிறது. விளையாட்டு அச்சத்தை அவ்விடத்திலிருந்து அகற்றுகிறது. ஆனால், அங்கு நிகழ்ந்ததைக் கூறுவார் இல்லையெனின் வரலாறும் உடன் அகன்றுவிடும்.

கரையோரப் பூங்காவும் அபர்தீன் நினைவுச்சின்னமும்

தலைநகரின் அபர்தீன் துறையை ஒட்டி மெரினா பூங்காவும் நீர்விளையாட்டு வளாகமும் அமைந்துள்ளன. மாலை வேளையில் குடும்பங்கள் கூடும் இடம் இது. அவ்வளாகத்திலேயே அபர்தீன் போரின் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1859 மே மாதத்தில் பேரந்தமானியர் தம் நிலத்தைக் காக்க வில்லும் அம்பும் ஏந்திக் குடியிருப்பைத் தாக்கிய நிகழ்ச்சியே அபர்தீன் போர் எனப்படுகிறது. துப்பாக்கிகளின் முன் அவர்கள் தோற்றனர்.

கொடியில் ஊசலாடிய குழந்தைகளின் தந்தையர் போரிட்டு வீழ்ந்த கரையில், பிற நிலங்களிலிருந்து வந்தோரின் குழந்தைகள் ஊஞ்சலாடுகின்றனர். இதில் அக்குழந்தைகளின் குற்றம் யாதுமில்லை. எனினும் நினைவுச்சின்னமும் விளையாட்டிடமும் ஒரே வளாகத்தில் அமைந்தமை, ஒன்றின் இழப்பில் மற்றொன்று உருவானதைத் திட்டமிடாமலேயே உணர்த்துகிறது.

கருவிகளின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. பனைநார் ஊசலும் காட்டுக்கொடி ஊசலும் அந்தந்த நிலத்தில் விளைந்தவை. அறுந்தால் அங்கேயே மீண்டும் கிடைப்பவை. பூங்காவின் இரும்பு ஊஞ்சலோ பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரவேண்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக்காற்றும் உடைய தீவில் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். ஆகவே நிறுவுவதைவிடப் பேணுவதே அங்குக் கடினம். 1883 முதல் சாத்தம் மரஅறுவை ஆலை இயங்கிவந்த, படாக்கு முதலிய வன்மரங்கள் விளையும் தீவில், விளையாட்டுக் கருவி மட்டும் வெளியிலிருந்து வரும் இரும்பாக அமைந்தமை வியப்புக்குரியது. வடிவங்களை ஆட்சி இரவல் வாங்கும்போது அவற்றின் பொருளையும் இரவலாகவே பெறுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

கடற்கோளும் எல்பனமும்

கார் நிக்கோபாரில் கூட்டுக்குடும்பம் தூஹேத் எனப்படும். கடற்கரையை ஒட்டி அமைந்த ஊர்ப்பொதுவிடம் எல்பனம் எனப்படும். விழாவும் விருந்தும் அங்கு நிகழும்; ஓடங்கள் அங்கு நிற்கும். படகுப் போட்டி அம்மக்களின் பெருவிளையாட்டாகும். அங்கு மூஸ் என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவர். அவரிடம் கல்வி தொடங்கியவரே பின்னாளில் பேராயராகவும், 1952இல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய ஜான் ரிச்சர்ட்சன். இருபதாம் நூற்றாண்டில் கால்பந்து நிக்கோபாரிய இளைஞரின் உள்ளங்கவர்ந்த ஆட்டமாகியது. வெளியிலிருந்து வந்த ஆட்டத்தை அவர்கள் தம் பொதுவெளியிலேயே தமதாக்கிக்கொண்டனர்.

2004 திசம்பர் 26ஆம் நாள், கிறித்துமசை அடுத்த ஞாயிறன்று, கடற்கோள் அக்கரைகளைத் தாக்கியது. தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோருமாக மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் என அரசு கணக்கிட்டது. கார் நிக்கோபாரும் கச்சலும் பேரழிவுக்குள்ளாயின. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. எஞ்சியோர் முதலில் தகரக் கொட்டகைகளிலும், பின்னர்க் கரையிலிருந்து விலகி வரிசையாகக் கட்டப்பட்ட நிலையான வீடுகளிலும் அமர்த்தப்பட்டனர்.

உயிர்காக்கும் நோக்கில் இவ்விடமாற்றம் தவிர்க்கவியலாதது. ஆயின், அதன் விளைவு வீட்டோடு நிற்கவில்லை. தூஹேத்தின் பரந்த வளாகம் தனித்தனி வீடுகளாகப் பகுக்கப்பட்டது. கரையோடு பிணைந்திருந்த பொதுவெளி அன்றாட நடையெல்லைக்கு அப்பாற்பட்டது. எந்தக் கரையில் நின்று பெரியோரைப் பார்த்து ஓடம் செலுத்தக் கற்றனரோ, அக்கரையைக் குழந்தைகள் அச்சத்துடன் நோக்க நேர்ந்தது. ஐங்குறுநூற்றுப் பெண் தன் பாவையைக் கவர்ந்த கடலைத் தூர்க்கக் கரையிலேயே நின்றாள். அலை கரையையே கொண்டுசென்றபோது நின்று சினக்கவும் இடமில்லை. மீள்குடியமர்வில் வீடுகளை எண்ணுவதைப் போல விளையாட்டு வெளிகளை எண்ணும் வழக்கம் ஆட்சியில் இல்லை. இழப்பீட்டுப் பட்டியலில் தென்னைக்கு இடமுண்டு. எல்பனத்தில் கழியும் பிள்ளைப்பருவத்திற்கு விலை குறிக்க இயலாது.

1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிதோறும் விளையாட்டுத்திடலையும் கருவிகளையும் வேண்டுகிறது. இவ்வுரிமையை ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்கித்தருதல் என்று மட்டும் பொருள்கொள்ளின், நிக்கோபாரியக் குழந்தைக்குரிய கரையும் ஓடமும் அவ்வரையறைக்குள் வாரா.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தீவின் மூத்த விளையாட்டிடம் காடும் கரையுமாகும். தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் வகுக்கப்பட்ட தோட்டமும் திடலும் ஆள்வோர்க்கு உரியனவாக இருந்தன. குடும்பங்கள் பெருகியபோது பொதுப்பூங்கா பிறந்தது. அது சிறைத்தீவின் பழம்பெயரை மாற்றியமைத்த உண்மையான மாற்றமாகும். ஆயின், அப்பூங்காக்கள் குளத்தின்மீதும் போர்க்களத்தின்மீதும் பதுங்குகுழியின் அருகிலும் அமைந்தவை. 2004க்குப் பின், விளையாட்டிடத்தை இழப்பது எத்தகைய இழப்பு என்பதை நிக்கோபார் உணர்த்தியது.

2018இல் ரோஸ் தீவு நேதாசி சுபாசு சந்திர போசு தீவு எனவும், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனவும் பெயர் மாற்றம் பெற்றன. பெயர்கள் மாறும் காலத்தில் இடங்களின் நினைவு பெயர்ப்பலகையை மட்டும் சார்ந்திருத்தல் போதாது. பூங்காவில் ஊஞ்சலின் அருகே அவ்விடத்தின் முன்வரலாற்றைக் குழந்தைகள் படிக்கத்தக்க எளிய மொழியில் எழுதிவைப்பது அரிதன்று.

தமிழாய்வாளர்க்கும் இதில் கடமையுண்டு. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழும் இத்தீவுகளில், பருமாவிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்தோர் உடன்கொணர்ந்த பிள்ளை விளையாட்டுகளும் அவற்றின் பெயர்களும், இந்தி, வங்காளம், தெலுங்கு பேசும் குழந்தைகளோடு ஆடுங்கால் என்ன வடிவம் கொண்டன என்பது விரிவாகத் தொகுக்கப்பட வேண்டும். கச்சல் தோட்டக் குடியிருப்பின் முதல் தலைமுறையினர் முதுமையடைந்துள்ள இக்காலத்தில் அப்பணியைத் தள்ளிவைத்தல் தகாது. ஊசல் பருவத்தை இலக்கியத்தில் வகுத்த மரபு, தீவில் ஆடப்படும் ஊசலையும் தன் ஆய்வெல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும்.